இரகசியத் தொடர்புகளை மறைத்தல் (தரவு அகழ்வு)

ஒரு தரவுத்தொகுப்பைப் பிறரிடம் கொடுக்குமுன், குறிப்பிட்ட சில தொடர்புகளை மட்டும் அதிலிருந்து யாரும் கண்டெடுக்க முடியாதபடி திருத்தி வைக்கும் முறை. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் இந்த இரகசியம் காக்கப்பட்டுவிடாது. அது தனி ஆளைப் பற்றியதல்ல, மொத்த வணிகத்தின் போக்கைப் பற்றியது.

எந்தப் பொருளோடு எந்தப் பொருள் விற்கிறது என்று பில்களிலிருந்து கண்டறியும் தொடர்பு விதிகளை ராகேஷ் அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் முன்வைத்தனர். அடுத்த ஆண்டு அவரும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் வெளியிட்ட அப்ரியோரி வழிமுறை அந்தத் தேடலைப் பெருந்தொகுப்புகளுக்கும் எளிதாக்கியது.

இத்தகைய தேடலிலுள்ள ஆபத்தைத் தெளிவாகக் காட்டியவர்கள் கிறிஸ் கிளிஃப்டனும் டான் மார்க்ஸும். 1996-இல் அவர்கள் சொன்ன கற்பனைக் கதையில், விலைக் குறைப்புக்கு ஆசைப்பட்டு ஒரு பேரங்காடி தன் விற்பனைத் தரவைக் காகித நிறுவனம் ஒன்றுக்குத் திறந்துவிடுகிறது. கொழுப்பு நீக்கிய பால் வாங்குவோர் போட்டியாளரின் காகிதத்தையே வாங்குவதை அந்நிறுவனம் கண்டுகொள்கிறது. உடனே தன் காகிதத்தை வாங்கினால் பாலுக்குத் தள்ளுபடி என்று கூப்பன் விடுகிறது. போட்டியாளர் நலிந்ததும், அங்காடிக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் போய்விடுகிறது. எந்த வாடிக்கையாளரின் பெயரும் இதில் வெளிப்படவில்லை.

மறைக்கும் வழி பார்வைக்கு எளிது. 1000 பில்களில் 50-இல் இரு பொருள்களும் சேர்ந்து வருகின்றன, தேடுபவரின் குறைந்தபட்ச எல்லை 40 என்று கொள்வோம். 11 பில்களில் ஒரு பொருளை அழித்தால் எண்ணிக்கை 39 ஆகி, அந்தத் தொடர்பு தேடலில் சிக்காது. எந்த 11 பில்கள் என்பதில்தான் சிக்கல். தவறான தேர்வு, மறைக்க வேண்டாத நல்ல விதிகளையும் கூடவே அழித்துவிடும். சில வேளை இல்லாத விதிகளும் முளைக்கும். இழப்பு மிகக் குறைவான தேர்வைக் கண்டறிவது என்.பி. கடின வகைக் கணக்கு (விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் அறியப்படாதது) என்று அத்தல்லா, பெர்ட்டினோ, வெரிகியோஸ் உள்ளிட்டோர் 1999-இல் நிறுவினர். ஆகவே பெரும்பாலான முறைகள் தோராயமானவை.

2001-இல் சாய்கின், வெரிகியோஸ், கிளிஃப்டன் மூவரும் மதிப்பை மாற்றுவதற்குப் பதில் அங்கே ‘தெரியாது’ என்று குறிக்கலாம் என்றனர். பொய்த் தரவு ஆபத்தாகக்கூடிய மருத்துவம் போன்ற துறைகளுக்கு இதுவே நேர்மையான வழி. பின்னர், அடிக்கடி சேர்ந்து வருபவைக்கும் வராதவைக்கும் இடையிலான எல்லையைக் கவனிக்கும் எல்லைக்கோட்டு முறைகளும், எந்தப் பதிவை மாற்றுவது என்பதை முழு எண் கணக்காக்கித் தீர்க்கும் முழுவெண் நிரலாக்கமும் வந்தன.

2006-இல் சிந்தியா டுவோர்க் குழுவினர் வகுத்த வேறுபாட்டுத் தனியுரிமை ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துக்கொண்டது. ஆனால் அது தனிநபரின் பதிவைக் காத்து, மொத்தப் போக்கைத் தெரியவிடவே வகுக்கப்பட்டது. அந்தப் போக்கையே மறைக்க வேண்டிய நிறுவனத்துக்கு அது உதவாது.