ஒரே நாளில் இரு தீர்ப்புகள்

கருக்கலைப்பைத் தடைசெய்யும் உறுப்பினர்களை மக்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுப்பார்களாயின், அத்தடையையும் மக்கள் விரும்புகிறார்கள் என்று கொள்வதே வழக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில வரலாற்றைப் படிக்கையில் இக்கணக்கில் நமக்கு ஐயம் எழுகிறது.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மாநிலச் சட்டமன்றம், கீழவையில் 50க்கு 18, மேலவையில் 23க்கு 12 என்ற வாக்குகளில், ஏறத்தாழ முழுமையான தடையை நிறைவேற்றியது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு. வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றவளுக்கும் விலக்கு இல்லை. 1973ஆம் ஆண்டின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வழிகோலுவதே நோக்கம் என்பதை ஆதரவாளர்கள் மறைக்கவில்லை. ஆளுநர் மைக் ரவுண்ட்ஸ் மார்ச் 6 அன்று கையொப்பமிட்டார்.

ஆனால் சட்டமன்றம் இயற்றியதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்லும் உரிமையை 1898லேயே அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக ஏற்படுத்திக்கொண்ட மாநிலம் அது. (நமக்கு அவ்வுரிமை இல்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆளைத் தேர்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.) தேவையான கையெழுத்துகள் திரண்டன.

இடையில் ஜூன் மாதத்தில் நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தடையை எதிர்த்த குடியரசுக் கட்சி மேலவை உறுப்பினர் ஸ்டான் ஏடல்ஸ்டீன், ராபிட் சிட்டியில் நடந்த உட்கட்சித் தேர்தலில் எலி ஷ்வீசோவிடம் தோற்றார். நவம்பரில் அதே தொகுதி ஷ்வீசோவையும் தோற்கடித்து, ஜனநாயகக் கட்சியின் டாம் கேட்டஸைத் தேர்ந்தெடுத்தது. உட்கட்சித் தேர்தலில் வாக்களிப்போர் சிலர். பொதுத்தேர்தலில் வாக்களிப்போர் பலர். பாதுகாப்பான தொகுதியில் உறுப்பினர் அஞ்ச வேண்டியது அச்சிலருக்கே. சட்டமன்றத்தின் குரலும் மக்களின் குரலும் பிரிவதற்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் கருத்து.

நவம்பர் 7 அன்று ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் சட்டத்தை நிராகரித்தனர். அன்றே, அதில் கையொப்பமிட்ட ரவுண்ட்ஸை ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் மீண்டும் ஆளுநராக்கினர். அவருக்கு வாக்களித்தோருள் பலர் அவருடைய சட்டத்துக்கு வாக்களிக்கவில்லை.

விலக்குகள் இல்லாமையே தோல்விக்குக் காரணம் என்றார்கள். 2008இல் வன்புணர்வு, முறையற்ற உறவு, தாயின் உடல்நலம் ஆகியவற்றுக்கு விலக்களித்து மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. 55 விழுக்காட்டினர் மறுத்தனர். சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையோ அசையவில்லை.

எனினும் கதை ஒரே திசையில் செல்லவில்லை. ரோ தீர்ப்பு வீழ்ந்தால் தானே நடைமுறைக்கு வரும் தடையொன்றை அம்மன்றம் 2005லேயே இயற்றி வைத்திருந்தது. 2022 ஜூன் 24 அன்று தீர்ப்பு வீழ, அது உயிர்பெற்றது. 2024இல் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் திருத்தம் மக்கள்முன் வந்தபோது, அதையும் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் மறுத்தனர். பதினெட்டு ஆண்டுகளில் மக்கள் மனம் மாறியது என்று சொல்லிவிடலாம். வாக்காளர்களும் அதே ஆட்கள் அல்லர். ஆயினும் மூன்று முறையும் வென்றது 'வேண்டாம்' என்ற விடை, மூன்று முறையும் அது காத்தது அப்போது நடப்பிலிருந்த சட்டத்தை என்பதை நாம் விட்டுவிடலாகாது. 2024க்குப் பின்னும் நீடித்தது 2005இல் எழுதிய அத்தடையே. அதைத் தனியே எடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று அம்மக்களிடம் எவரும் கேட்டதில்லை.