இணையதள வருகைக் கணக்கில் பிரத்தியட்சமும் அனுமானமும்

இணையதளம் ஒன்றை நடத்துவோர் மாத முடிவில் விரித்துப் பார்க்கும் வருகைக் கணக்கில், ஹிட், பக்கப் பார்வை, தனி வருகையாளர், அமர்வு, பவுன்ஸ் விகிதம் என்று வரிசையாக நிற்கும் அளவைகள் யாவும் ஒரே காலத்தில், ஒரே அறிஞர் குழுவினால் வகுக்கப்பட்டவை என்று எண்ணுவது பெரும்பிழை. அவற்றுள் ஒவ்வொன்றும், தனக்கு முன்னிருந்த அளவையின் குறை வெளிப்பட்ட தருணத்தில், அதை நிவர்த்திக்கும் பொருட்டுப் பிறந்தது. யந்திரத்தின் சுவட்டை எண்ணத் தொடங்கிய ஒரு கணக்கு, படிப்படியாக மனிதரை எண்ணுவதாக உரிமை கொண்டாட நேர்ந்த வரலாறே இவற்றின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கட்சி.

டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் முன்மொழிந்த வலை, 1993-இல் இல்லினாய் சர்வகலாசாலையின் என்.சி.எஸ்.ஏ. நிலையம் மொஸைக் உலாவியை வெளியிட்டதன் பின்னர் பொதுமக்களிடையே பரவலாயிற்று. அக்காலத்துச் சர்வர்கள் தம்மிடம் வந்த கோரிக்கைகளை ஒரு பதிவேட்டில் வரிவரியாகக் குறித்து வைத்தன: எந்த முகவரியிலிருந்து கோரிக்கை வந்தது, எந்நாள் எந்நேரம், கேட்கப்பட்ட கோப்பு யாது, அது கிடைத்ததா என்பதைத் தெரிவிக்கும் குறியெண், அனுப்பிய பைட்டுகள் எத்தனை என்பனவே அவ்வரியின் சாரம். யந்திரம் எவ்வளவு பாரம் சுமக்கிறது, எங்கே பழுதுற்றது என்பதை நிர்வாகி அறிந்துகொள்வதற்காக ஏற்பட்ட ஏடு அது. வாசகர் யார் என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை.

பதிவேட்டின் ஒரு வரியே ஹிட் எனப்பட்டது. ஒரு பக்கத்தில் 12 படங்கள் இருந்தால், பக்கத்துக்கு ஒன்றும் படங்களுக்குப் பன்னிரண்டுமாக ஒரே வாசகரின் ஒரே பார்வை 13 ஹிட்டுகளாகப் பெருகிவிடும். படங்களை அதிகமாக்கினால், வாசகர் ஒருவர்கூட மிகாமலே கணக்கு மிகும். 1994 அக்டோபர் 27-ஆம் தேதி ஹாட்வயர்டு இதழ் ஏ.டி. அண்டு டி. முதலிய ஸ்தாபனங்களின் விளம்பரப் பட்டைகளைத் தன் பக்கங்களில் ஏற்றி, இணையத்தை விளம்பர வியாபாரத்தின் களமாக்கிய பின், பணம் கொடுப்போர் இந்தப் பெருக்கத்தை ஏற்க மறுத்தது இயல்பே. படக் கோப்புகளைத் தள்ளிவிட்டு, பக்கங்களை மட்டும் எண்ணும் பக்கப் பார்வை இதன் விளைவாக மதிப்புப் பெற்றது. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 1995-இல் வெளியிட்ட அனலாக் போன்ற மென்பொருள்கள் பதிவேட்டைச் சுருக்கித் தொகுத்துக் கொடுத்தன.

ஆயினும் பக்கப் பார்வையும் இரு பக்கமும் தேய்ந்த அளவைதான். இணையச் சேவை நிறுவனங்களின் பிராக்ஸி யந்திரங்கள் ஒரு பக்கத்தை ஒருமுறை பெற்று வைத்துக்கொண்டு பலருக்கும் வழங்கியதால், உண்மையில் நிகழ்ந்த பார்வைகள் பதிவாகாமற் போயின. தேடுபொறிகளின் ரோபோக்கள் ஓயாமல் பக்கங்களைக் கேட்டதால், எவரும் பார்க்காதவை பார்வைகளாகப் பதிவாயின. மார்டைன் காஸ்டர் 1994-இல் முன்மொழிந்த ரோபோ விலக்கு விதியும், அதை மதிப்பவற்றை மட்டுமே கட்டுப்படுத்தக் கூடியது.

இனி, வருகையாளர் யார் என்ற விசாரணை. ஒரு கல்லூரியின் கணினிகள் அனைத்தும் ஒரே ஐபி முகவரியின் வழியே வெளிப்படலாம்; தொலைபேசி இணைப்பில் வரும் ஒருவருக்கோ ஒவ்வொரு முறையும் வேறு முகவரி வாய்க்கலாம். இந்நிலையில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மோன்டுல்லி 1994-இல் குக்கீயை உருவாக்கினார். முன் வந்த கோரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளாத வலையின் நெறிமுறைக்கு, உலாவியில் இட்டுவைக்கும் ஒரு சிறு குறிப்பின் மூலம் ஞாபகசக்தி அளித்த சாதனம் அது. தனி வருகையாளர் என்னும் அளவை இதன் மேல்தான் எழுந்து நிற்கிறது. ஆனால், எண்ணப்படுவது ஆள் அன்று, உலாவி. அலுவலகத்திலும் வீட்டிலும் கைபேசியிலும் ஒரே தளத்தைக் காணும் ஒருவர் மூவராவார். ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தினர் நால்வர் ஒருவராவர். குக்கீயை அழித்தவர் மறுநாள் புதியவராய்த் திரும்புவார்.

மலையிற் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் தர்க்க சாஸ்திரி, புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத சம்பந்தத்தை முதலில் ஸ்தாபித்துக்கொள்வார். வருகைக் கணக்கில் குக்கீக்கும் மனிதருக்கும் அத்தகைய நீங்காத சம்பந்தம் கிடையாது என்பதே அடிப்படைச் சிக்கல்.

அமர்வு என்னும் அளவையின் பூர்வோத்தரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுவதால் அதைச் சற்று விரிவாகவே நோக்கத் தகும். வாசகர் வருவது சர்வருக்குத் தெரியும், போவது தெரியாது. எனவே, இத்தனை நிமிஷம் கோரிக்கை ஏதும் வராவிடில் அவர் போய்விட்டார் என்று கொள்ள ஓர் எல்லை வேண்டியிருந்தது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லாரா கேட்லெட்ஜும் ஜேம்ஸ் பிட்கோவும், தம் கழகத்திலேயே மொஸைக் பயன்படுத்தியோரின் செயல்களை மூன்று வார காலம் பதிவு செய்து, 1995-இல் ஆய்வொன்றைப் பிரசுரித்தனர். ஒரு செயலுக்கும் அடுத்த செயலுக்கும் இடைப்பட்ட நேரத்தின் சராசரி 9.3 நிமிஷம் என்று கண்டு, அதனின்றும் ஒன்றரைத் திட்ட விலக்கம் தள்ளி, 25.5 நிமிஷத்தை அவர்கள் எல்லையாக நிர்ணயித்தனர். 1999-இல் கூலி, மொபாஷர், ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் எழுதிய மினசோட்டா ஆய்வு, இந்த எண்ணைச் சுட்டிக் காட்டும்போதே, விற்பனையில் இருந்த மென்பொருள்கள் பல 30 நிமிஷத்தை வழக்கமாகக் கொண்டிருந்ததையும் குறிப்பிடுகிறது. இன்று உலகெங்கும் உள்ள தளங்களின் அமர்வுகள் பெரும்பாலும் அந்த 30 நிமிஷக் கோலால்தான் அளக்கப்படுகின்றன. ஒரு கழகத்தின் கணினி வல்லோரிடம், கைபேசி உலாவிகள் தோன்றாத காலத்தில் எடுத்த அளவுக்குப் பக்கத்து எண் ஒன்று, எக்காலத்துக்கும் எவ்வினத்தாருக்கும் உரிய பிரமாணம்போல் நிலைபெற்றது பரிசீலனைக்குரியது. கணக்குத் துறையார் இதை அடிக்கடி நினைவுகூர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பதிவேட்டை விட்டுப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வைத்து, அது வாசகரின் உலாவியிலிருந்து செய்தி அனுப்பும் முறை அடுத்த கட்டம். பிராக்ஸியில் சேமித்த பக்கமும் இதில் எண்ணப்படும். நிரலை இயக்காத ரோபோக்கள் விலகிவிடும். சான் டியேகோவின் அர்ச்சின் நிறுவனத்தை 2005-இல் வாங்கிய கூகுள், அவ்வாண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமாக வழங்கியதும், ஒரு வாரத்துக்குள் புதிய பதிவுகளை நிறுத்திவைக்க நேரும் அளவு கூட்டம் திரண்டது.

அதன் மூலம் ஊரறிந்த சொல்லான பவுன்ஸ் விகிதம், ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் செய்யாமல் விலகிய அமர்வுகளின் பங்கு. ஒரு பக்கத்தில் தங்கிய நேரம் அடுத்த பக்கத்தின் கோரிக்கையைக் கொண்டே கணிக்கப்பட்டதால், அடுத்த பக்கம் இல்லாத அமர்வின் நேரம் பூஜ்யம் என்றே பதிவாயிற்று. நெடிய கட்டுரையொன்றை இருபது நிமிஷம் ஆழ்ந்து வாசித்து மனநிறைவுடன் சென்றவரும், தவறி நுழைந்து மறுகணமே வெளியேறியவரும் அக்கணக்கில் சரிசமம். கூகுள் அனலிட்டிக்ஸின் புதிய பதிப்பாக 2020 அக்டோபரில் அறிமுகமான ஜி.ஏ.4, பத்து விநாடிக்கு மேல் நீடித்த அல்லது இரண்டு பக்கம் கண்ட அல்லது முக்கியமெனக் குறித்த செயலொன்று நிகழ்ந்த அமர்வை ஈடுபாடுள்ள அமர்வு எனக் கொண்டு, எஞ்சியவற்றையே பவுன்ஸ் என்கிறது. பழைய முறையில் நள்ளிரவோடு அமர்வு முறிந்து இரண்டாகும், புதியதில் முறிவதில்லை.

2018 மே 25 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, வாசகரின் சம்மதத்தை இக்கணக்கின் நிபந்தனையாக்கியது. கூகுள் அனலிட்டிக்ஸைத் தளமொன்று பயன்படுத்திய விதம், தரவு அமெரிக்காவுக்குச் செல்வதால், அவ்விதிக்கு மாறானது என்று ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அளித்த தீர்ப்பு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. சம்மதம் மறுத்தவர்களின் நடத்தையை, சம்மதித்தவர்களின் நடத்தையைக் கொண்டு மதிப்பிட்டு நிரப்பும் முறையும் இப்போது கையாளப்படுகிறது. இங்கே எண்ணுவதற்குச் சுவடே இல்லாத இடத்திலும் எண் தோன்றுகிறது.

பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. ஓராண்டு கழித்து அதன் பழைய கணக்குகளைக் காணும் வழியும் அடைபட்டது. அத்தேதிக்கு முன்னும் பின்னுமான பவுன்ஸ் விகிதங்களை ஒரே வரைபடத்தில் வைத்து, வாசகர் ஈடுபாடு உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ கூறும் அறிக்கை எதுவாயினும், வெவ்வேறு வரையறையால் பிறந்த இரண்டு எண்களை ஒன்றெனக் கொண்டதாகவே முடியும். ஆதலால் வருகைக் கணக்கைப் பாதுகாத்து வைப்போர், எந்த மென்பொருள், எத்தனை நிமிஷ எல்லை, ரோபோக்கள் நீக்கப்பட்டனவா, சம்மதமற்றவை மதிப்பிட்டு நிரப்பப்பட்டனவா என்னும் விவரங்களையும் அந்தந்த மாதத்து எண்ணின் பக்கத்திலேயே எழுதிவைத்தல் அவசியம்.