பூட்டைக் கண்டுபிடித்தும் வாய் திறக்காதவர்

ரகசியக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி அனுப்பிவிடலாம். சாவியை எப்படி அனுப்புவது? வழியில் யாராவது நகல் எடுத்துவிட்டால்? சங்கேதத் துறைக்குப் பல நூற்றாண்டுத் தலைவலி இதுதான்.

விடை கண்டவர்கள் யார் என்றால் கம்ப்யூட்டர் மாணவர்கள் டக்கென்று டிஃபி, ஹெல்மன் என்பார்கள். அவர்களுடைய கட்டுரை வந்தது 1976-இல். ஆனால் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில், ஜி.சி.எச்.க்யூ. என்ற அரசு உளவு அமைப்பில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ் 1970-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் காலத்து டெலிபோன் ஆராய்ச்சி அறிக்கை ஒன்றுதான் எல்லிஸுக்குப் பொறி. போனில் கேட்பவரே லைனில் இரைச்சலைக் கலந்துவிடுவார். என்ன இரைச்சல் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அவரால் மட்டுமே அதைக் கழித்துவிட்டுப் பேச்சைக் கேட்க முடியும். பேசுபவருக்கு ரகசியம் எதுவும் தெரிய வேண்டியதில்லை! அப்படியானால் கடிதம் பெறுபவரே பூட்டைச் செய்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமே? முடியும் என்று நிரூபித்த எல்லிஸுக்கு, அதற்கேற்ற கணக்குதான் கிடைக்கவில்லை.

1973-இல் புதிதாகச் சேர்ந்த கிளிஃபோர்ட் காக்ஸ் ஒரே மாலையில் அதைப் பிடித்தார். ஆபீஸ் ரகசியத்தை வீட்டில் எழுதக்கூடாது என்பதால் எல்லாம் மனக்கணக்கு! 53-ஐ 61-ஆல் பெருக்கினால் 3233. யாரும் போட்டுவிடலாம். 3233-ஐ மட்டும் கொடுத்து எந்த இரண்டு எண்கள் என்று கேட்டால்? அந்த இரண்டு பகா எண்கள் பிரைவேட் கீ, பெருக்கி வருவது பப்ளிக் கீ. இன்றும் பப்ளிக் கீ தொலைந்தால் பிரைவேட் கீயிலிருந்து சாஃப்ட்வேர் நொடியில் எடுத்துத் தரும். தலைகீழாக நடக்காது. 129 இலக்க எண் ஒன்றைப் புதிராக 1977-இல் அமெரிக்கப் பத்திரிகையில் போட்டார்கள். சுமார் 600 பேர் கம்ப்யூட்டர்களை இணைத்து அதை உடைத்தது 1994-இல்.

அந்தப் புதிரைப் போட்ட ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் காக்ஸின் முறையைத் தாங்களாகவே கண்டுபிடித்தவர்கள். அதற்கு 1983-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வந்தது. செல்ட்டன்ஹாம்காரர்களுக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. காமர்ஸ் பாஷையில், பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத சொத்து. ரகசியம் காப்பது உளவு அமைப்பின் தொழில்தான். ஆனால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிய பிறகும் மறைத்தது என்ன நியாயமோ!

1982-இல் டிஃபியே எல்லிஸைத் தேடி இங்கிலாந்து போனார். எல்லிஸ் பிடிகொடுக்கவில்லை.

1997 டிசம்பர் 18 அன்று, மேலிட அனுமதியோடு, காக்ஸ் ஒரு கருத்தரங்கில் எல்லாவற்றையும் வெளியே சொன்னார். எல்லிஸ் இறந்தது நவம்பர் 25.