பாரத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதே: மைடெக்ஸ் தளமும் வரி முகவர்களும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் போட்டோஸ்டாட் கடைகளின் வாசலில் 'இ-ஃபைலிங் செய்து தரப்படும்' என்ற அட்டை தொங்கத் தொடங்கிவிடும். இ.ஏ. பாரத்தையும் அடையாள அட்டையையும் கொடுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களில், வருமான வரிப் பாரத்தை முதன்முதலில் கையில் எடுப்பவர் பெரும்பாலும் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்குப் போகும் மகனோ மகளோதான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் கடைக்காரர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது.

2004-ஆம் ஆண்டுக்கு முன்பு தனிநபரின் வரியைக் கணக்கிட்டு அறிவித்தது உள்நாட்டு வருமான வரி வாரியம். அந்த மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சுய மதிப்பீட்டு முறை வந்தது. நம் வரியை நாமே கணக்கிட்டு நாமே அறிவிக்கிறோம். ரசீது எதையும் பாரத்தோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் 7 ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோளாறு தொடங்குவது இங்கேதான். ரசீது கேட்கப்படாததால், 'பெற்றோர் மருத்துவச் செலவு போடுகிறேன், புத்தகம் போடுகிறேன், பணம் திரும்பக் கிடைக்கும்' என்று நிரப்பித் தருபவர்கள் உண்டு. தணிக்கைக் கடிதம் வரும்போது அது கடைக்காரர் பெயருக்கு வராது.

இந்தப் பொய் பலருக்குத் தேவையே இல்லை. மாதம் 3,500 ரிங்கிட் சம்பளம் வாங்கும், திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 42,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிச் சந்தாவுக்கு 4,000 போக மிஞ்சுவது 29,000. இதற்கு வரி 420 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது 20 ரிங்கிட். சொந்தப் பெயரில் உள்ள இணையக் கட்டணம், வாங்கிய கைப்பேசி ஆகியவற்றை 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் நேர்மையாகக் காட்டினாலே அந்த 20-ம் காணாமல் போகும். போனஸ், ஓவர்டைம் வந்த மாதங்களில் பி.சி.பி. எனும் மாதாந்திர வரி பிடிக்கப்பட்டிருந்தால், அதுவும் திரும்பக் கிடைக்கும்.

பொய்க் கழிவுக்கான விலையையும் பார்க்க வேண்டும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 113-வது பிரிவின்படி, தவறான பாரம் கொடுத்து நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால் 1,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதம். குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரு மடங்கும் கட்ட வேண்டும். நிரப்பிக் கொடுத்தவரும் தப்ப முடியாது. உரிய கவனமின்றி உதவி செய்து அதனால் வரி குறைந்திருந்தால், 114(1ஏ) பிரிவின் கீழ் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'நான் டைப் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான்' என்று சொல்லும் கடைக்காரர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

உரிமம் பெற்ற வரி முகவர் என்பவர் வேறு. அதே சட்டத்தின் 153-வது பிரிவின் கீழ் நிதியமைச்சின் அங்கீகாரம் பெற்றவர்களே அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். அவர்களுக்கென்றே டி.ஏ.இ.எஃப். எனும் தனி வழி இருக்கிறது. முகவர் தம்முடைய சொந்தக் கணக்கில் நுழைந்து, வாடிக்கையாளர் சார்பில் பாரத்தை அனுப்புகிறார். உங்கள் கடவுச்சொல் அவருக்குத் தேவையில்லை. ஒருவர் முதல் கேள்வியாகவே உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால், அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

2006 முதல் புழக்கத்தில் இருக்கும் இ-ஃபைலிங் இப்போது மைடெக்ஸ் தளத்தின் ஒரு பகுதி. முதல் நுழைவுக்கான 16 இலக்க பின் எண்ணுக்காக ஈப்போ கிளைக்கோ தைப்பிங்கிற்கோ பேருந்து ஏறிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கைப்பேசியில் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டி, இ-கே.ஒய்.சி. முறையில் வீட்டிலிருந்தே பெறலாம். பதிவு செய்யும்போது கொடுப்பது உங்கள் மின்னஞ்சலாகவும் கைப்பேசி எண்ணாகவும் இருக்கட்டும். அவசரத்தில் கடைக்காரர் தம்முடையதைப் போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு கடவுச்சொல்லை மாற்றவும் அவரிடமே போய் நிற்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் பணத்துக்கான வங்கிக் கணக்கு எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள்.

2023 ஜனவரி முதல் தனிநபர் வரி எண்களின் முன்னெழுத்து 'எஸ்.ஜி.', 'ஓ.ஜி.' என்பவற்றிலிருந்து 'ஐ.ஜி.' என்று மாறியது. பழைய கடிதத்தில் உள்ள எண் தவறோ என்று பயப்பட வேண்டாம், மாறியது முன்னெழுத்துதான். எண் இருப்பதாலேயே வரி கட்ட வேண்டும் என்பதும் இல்லை. சேமநிதி பிடித்தம் போக ஆண்டு வருமானம் வரிக்கான வரம்பைத் தாண்டுகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

முதலாளி விவரங்களை அனுப்பியிருந்தால் பி.இ. பாரத்தில் சம்பளம் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். பலர் அதை அப்படியே ஏற்று அனுப்பிவிடுகிறார்கள். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இரண்டு இ.ஏ. பாரங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடைகளில் ஓடும் எக்செல் கணக்குகளில் போன வருடத்துத் தொகைகளே கிடப்பதும் உண்டு. 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கு, கல்வி, மருத்துவக் காப்புறுதிக் கழிவு 3,000-லிருந்து 4,000 ஆகியுள்ளது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கான கழிவு 6,000-லிருந்து 8,000 ஆனது. 2025 ஜனவரி 1 முதல் 2027 இறுதிக்குள் ஒப்பந்தம் செய்து முதல் வீடு வாங்குவோர், விலை 5 லட்சம் ரிங்கிட் வரை என்றால், கடன் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வரை கழிக்கலாம். தோட்ட வீட்டைக் காலி செய்து தாமானில் வீடு வாங்கியவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

சிறு முதலாளிகளுக்கும் வேலை மாறியிருக்கிறது. தொழிலாளரின் வரிப் பிடித்தத்தை அனுப்ப முன்பு மூன்று வெவ்வேறு வழிகள் இருந்தன, இப்போது இ-பி.சி.பி. பிளஸ் ஒன்றே. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை, கட்டம் கட்டமாக இறங்கி 2026 ஜனவரியில் ஆண்டு விற்பனை 1 மில்லியன் முதல் 5 மில்லியன் ரிங்கிட் வரை உள்ள வணிகங்களை எட்டியது. அதற்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்கும் பூக்கடைக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் மொத்த வியாபாரியிடம் நீங்கள் வாங்கிய சரக்கு வாரியத்தின் கணினியில் ஏறிவிடும் என்பதை மனத்தில் வைத்துத்தான் பி பாரத்தில் விற்பனைத் தொகையை எழுத வேண்டும்.

சம்பளக்காரர்களின் பி.இ. பாரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30; இணையம் வழி அனுப்புவோருக்கு வழக்கமாக மே 15 வரை அவகாசம் தரப்படும். தொழில் செய்வோரின் பி பாரத்துக்கு ஜூன் 30, இணையத்தில் ஜூலை 15. கட்ட வேண்டிய வரி தாமதமானால் 10 விழுக்காடு கூடும்.

தளம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. மற்றவர் நிரப்பினாலும், 'தண்டாதாங்கான் டான் ஹந்தார்' எனும் பொத்தானை அழுத்தும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு கழிவாகக் கேளுங்கள். அனுப்பியதும் வரும் ஒப்புகைச் சீட்டையும், நிரப்பிய பாரத்தின் நகலையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். போன முறை வருமானம் விடுபட்டதோ கழிவு கூடிப்போனதோ இப்போது தெரியவந்தால், கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு முறை திருத்தப் பாரம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் காலம் கடந்திருந்தால், தணிக்கைக் கடிதத்துக்குக் காத்திராமல் ரசீதுகளோடு கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிடலாம்.