ஒடுங்கிய எழுத்தின் கதை

புளியந்தோப்பில் ஆலைச் சங்கு ஊதிய காலத்தில், வேலை முடிந்து திரும்பிய தொழிலாளி ஒரு நூலைக் கையிலெடுத்தால் முதலில் விலையைத்தான் பார்த்திருப்பான். அந்த விலைக்குள் எழுத்தின் அகலம் ஒளிந்திருப்பதை நாம் எண்ணியதுண்டா, தோழர்களே? அகன்ற எழுத்து தாளைத் தின்னும்; தாள் காசைத் தின்னும்; காசற்றவன் குடிசைக்குள் நூல் நுழையாது.

தரங்கம்பாடியில் இவ்வுண்மை தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்திறங்கின. பருத்த எழுத்துகள் அவை! புதிய ஏற்பாட்டின் முற்பகுதியை அவற்றைக் கொண்டே 1714இல் அச்சிட்டார் சீகன்பால்கு. தாள் போதவில்லை. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, எஞ்சிய பகுதியை 1715இல் முடித்தனர். எழுத்தைச் சிறிதாக்கியது பக்தியன்று, பஞ்சம்!

புளியந்தோப்பை அடுத்திருக்கிறது வேப்பேரி. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி, வேப்பேரியிலிருந்த பப்ரிசியுசிடம் வந்து சேர்ந்தது. அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி 1779இல் அங்கேயே வெளியாயிற்று. அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட், சிறிய, தெளிவான தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி, 1862இல் ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களில் அடங்கியது அவற்றால்தான். ஹாலே எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதைத் தூக்கிச் செல்ல மாட்டுவண்டி வேண்டியிருக்கும்!

இலண்டனிலோ, கோடுகளின் முனைகளில் தடித்த பட்டை வைத்த எழுத்துகள் 1810களில் சுவரொட்டிக்கென்று தோன்றின. அவ்வினத்தைச் சற்று ஒடுக்கிக் கறுப்பாக்கி, 1845இல் 'கிளாரெண்டன்' என்னும் பெயரில் பதிவு செய்தார் ராபர்ட் பெஸ்லி. அகராதியின் தலைச்சொல் மற்ற எழுத்துகளிடையே இடத்தை அடைக்காமல் தனித்துத் தெரிய அது உதவிற்று. சட்டக் காப்பு மூன்றே ஆண்டு. அது தீர்ந்ததும் போட்டி வார்ப்பகங்கள் பகர்த்துக்கொண்டன. நல்ல கருவி ஒருவன் பெட்டிக்குள் நெடுநாள் அடங்குமா?

அதே அச்சில் தமிழையும் நெருக்கிவிடலாமே என்போர் உண்டு. நாம் இணங்கோம். 'ண'வின் சுழிகளை நெருக்கினால் உள்வெளி குறுகி மை அடைத்துக்கொள்ளும். படிப்பவன் கண் தடுமாறும். அடிப்பட்டையும் ஆங்கிலக் காலுக்குத் தைத்த செருப்பே. தமிழுக்கு வேண்டியது வேறு சிக்கனம்.

அதைத்தான் 1935இல் 'குடிஅரசு' இதழில் பெரியார் நடைமுறைப்படுத்திக் காட்டினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கெனத் தனி வடிவங்கள் ஏன் என்பது அவர் கேள்வி. இதில் ஒரு வேடிக்கை: புதிய 'லை' பழைய கொம்பு 'லை'யைவிட அகலமானது! தாளில் இழந்ததை உழைப்பில் ஈடுசெய்தது அம்மாற்றம். தமிழ்நாட்டரசு 1978இல் பதின்மூன்று எழுத்துகளில் இச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. கம்பாசிட்டரின் எழுத்துப்பெட்டியில் அத்தனை தனி வடிவங்களுக்கும் வேலை இல்லாமற்போயிற்று.