காண்டாமிருகத்துக்குக் காவல் இருந்த ஈ

முப்பது வருஷம் மாட்டு வைத்தியம் பார்த்தவன் நான். சர்ரா நோய் கண்ட மாட்டின் ரத்தத்தில் ஒரு சொட்டை, காய்வதற்குள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு கிருமி நெளியும். தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் நகானா என்ற நோயாக மாடுகளைக் கொன்றது அதன் நெருங்கிய உறவு. ஓய்வு பெற்றபின் அங்குள்ள உம்ஃபொலோசி காட்டைப் பார்க்கப் போனதும் அதனால்தான்.

1894-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், மனைவி மேரியோடு உபோம்போ மலையில் ஒரு மண் குடிசையை ஆய்வுக்கூடமாக்கினார். கிருமியைச் சுமப்பது செட்சி ஈ. காட்டு விலங்குகளின் ரத்தத்தில் அந்தக் கிருமி நோய் காட்டாமல் தங்கியிருக்கிறது. இரண்டையும் கண்டுசொன்னவர் அவர்.

அந்த ஈயின் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். உம்ஃபொலோசியில் வாழும் வெள்ளைக் காண்டாமிருகத்தில் ஆண் இரண்டு டன்னைத் தாண்டும். ஆனால் பிள்ளைப்பேற்றில் இரண்டும் ஒரே ஜாதி. காண்டாமிருகம் 16 மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும். செட்சியும் மற்ற ஈக்களைப் போல முட்டைகளைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் வைத்து, பால் போன்ற சுரப்பை ஊட்டி வளர்த்து, ஏறக்குறைய தன் எடைக்கே பெற்றுப் போடும். எத்தனையோ பிரசவம் பார்த்த எனக்கு இது இன்றும் மலைப்புதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் காண்டாமிருகம் நூறுகூட மிஞ்சவில்லை என்பார்கள். மிஞ்சியவை உம்ஃபொலோசியில் நின்றன. ஈக்குப் பயந்து மாட்டுக்காரர்கள் அங்கே பட்டி போடத் தயங்கினார்கள். காடு காடாகவே கிடந்தது. 1895-இல் அறிவித்த சரணாலயத்துக்கு வேலி இந்த ஈதான் என்பேன்.

மாடு செத்தவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஈக்கு இரை இல்லாமல் செய்வதென்று 1929-இல் துப்பாக்கியோடு இறங்கி, 26,000-க்கும் மேல் வரிக்குதிரை, காட்டுமான், காட்டுப்பன்றி என்று சுட்டுத் தள்ளினார்கள். 1942 முதல் 1950 வரை மறுபடியும் வேட்டை. காண்டாமிருகத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இடையில் ஹாரிஸ் என்பவர் மரச்சட்டத்தில் சாக்குத்துணி கட்டி, விலங்கு போல் நிழல் காட்டும் பொறி செய்தார். ஈக்கள் தாமாகவே வந்து சிக்கின. கடைசியில் விமானத்திலிருந்து டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்து, முக்கியமான ஈ இனத்தை ஒழித்தார்கள்.

மற்ற இரண்டு இனங்கள் தப்பிவிட்டன. 1990-இல் அந்த வட்டாரத்து மாடுகளுக்கு மறுபடியும் நகானா வந்தது.