பிள்ளைக்கான கார் ஆசனம்: வயதை அல்ல, உயரத்தைப் பாருங்கள்

2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் படகுப் பாதையில்தான் கடந்தோம். இன்று காரில் போகிறோம். ஆனால் என் ஆறு வயது மகளின் கழுத்தை ஆசனப்பட்டி உரசியது. திடீரென பிரேக் போட்டால் அதுவே காயப்படுத்தும்.

பிள்ளையை உயர்த்தி, பட்டியைச் சரியான இடத்தில் படியவைப்பதே பூஸ்டர் ஆசனத்தின் வேலை. மேற்பட்டி தோளின் நடுவிலும், கீழ்ப்பட்டி வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பிலும் படியவேண்டும். ஏறத்தாழ 145 செ.மீ. உயரம்வரை இது தேவை. சிறு பிள்ளைகளுக்கு முதுகுச்சாய்வுள்ளதே நல்லது. ஐரோப்பாவின் ஆர்129 விதிப்படி, சாய்வில்லாத ஆசனம் 125 செ.மீ.க்கு மேற்பட்டோருக்கே.

இடுப்புப்பட்டி மட்டுமுள்ள பழைய வாகனங்களில் பூஸ்டர் வேண்டாம், தோள்பட்டியும் அவசியம். வெளிநாட்டு உறவினர் பழைய ஆசனம் அனுப்பினால், அது விபத்தில் சிக்கியதா என்று கேளுங்கள். சிக்கியிருந்தால் பாவிக்காதீர்கள்.